நரசீபுரத்து ரோட்டு டோல்கேட்டுச் சென்னம்மா

சென்னம்மாவைப் பற்றிச் சொல்வதானால் எங்கள் வீட்டுக்காரரின் ரோட்டுப் பைத்தியத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அதில் பெரிய சந்தோஷம் ஒன்றுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்த விஷயம். ஆனாலும் அந்தப் பைத்தியம் இல்லாவிட்டால் இந்தக் கதையும் இல்லை.

இவர், யக்ஞநாராயணன், மைசூர் சமஸ்தானத்தில் ரோடு ஆபீஸ் குமாஸ்தா. உத்தியோகத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நஜர்பாத்தில், ஊர் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் வீடு. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், என் அக்கா திரிபுரசுந்தரி, அவ்வளவுதான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் புருஷன் போய்விட்டான். அவன் முகம்கூட அவளுக்குச் சரியாக ஞாபகமில்லை என்பாள். தலையை மழித்து, நார்மடியைச் சுற்றிக்கொண்டு, என்னை வளர்த்து ஆளாக்கி, நான் குடித்தனம் வந்தபோது என்னோடேயே வந்துவிட்டாள்.

எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே ஒரு மைல் போனால் நரசீபுரத்து ரோட்டில் டோல்கேட்டு. ஊரில் சுங்கதகட்டே என்பார்கள். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில் தடி, அதன் அடிப்பக்கம் பாரத்துக்குக் கட்டிய கல், பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு. ஊருக்குள் வருகிற வண்டி நின்று சுங்கம் கொடுத்தால் தடி மேலே போகும். சர்க்கார் வருஷா வருஷம் கேட்டை ஏலம் விடும். ஏலம் எடுத்த குத்தகைக்காரர் வசூலில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ரோட்டுக்குக் கட்டுவார். அவர் கேட்டுப் பக்கம் தலையே காட்ட மாட்டார். தடியைத் தூக்குவதும் இறக்குவதும் சென்னம்மா.

அவளுக்கு ஊர் கொள்ளேகாலத்தை அடுத்த ஹனூர்ப் பக்கம். கொள்ளேகாலம் அப்போது கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அங்கே தமிழ் பேசுகிற குடியானவர்கள் நிறைய. அவள் புருஷன் கேட்டுக் காவலுக்கென்று வந்தவன், விஷக்காய்ச்சல் பரவிய வருஷத்தில் இரண்டே நாளில் போய்விட்டான். ஆம்பிளைக்குக் கொடுப்பதில் பாதி கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட்ட குத்தகைக்காரர் அவளையே அந்த வேலையில் இருத்திக்கொண்டார். வேலையோடு அந்த ஓட்டு வீடும். பிறந்த வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. ஓர் எருமை வைத்திருந்தாள். காலையில் தடியை இறக்கிப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவருவாள். அவள் திரும்பிப் போகிற வரைக்கும் பஸ்ஸானாலும் சரி, பெரிய மனுஷர் காரானாலும் சரி, ஹாரனை அடித்துக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

"எரும நேரத்துக்குக் கறக்குதுங்க. மோட்டாரு நேரத்துக்கு வந்தா நானும் நேரத்துக்குத் தொறப்பேன்" என்பாள்.

பால் வாங்குவது அக்காவின் வேலை. கொல்லைப்புறத்துப் படியில் அக்கா பாத்திரத்தை வைத்துவிட்டு நகர்ந்து நிற்பாள், சென்னம்மா எட்ட நின்றபடி உயரத்திலிருந்து ஊற்றுவாள். இரண்டு பேரும் வெள்ளைச் சேலைக்காரிகள். தொட்டுக்கொள்ளாமலே மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இவருக்குச் சென்னம்மாவின் மேல் கோபமில்லை, கேட்டின் மேல்தான். சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார்.

"ரோடு போட யார் காசு கொடுக்கணும், சொல்லு பார்ப்போம்."

"ரோட்டில போறவா கொடுக்கணும். சாதம் பிசையுங்கோ."

"அதான் தப்பு. புளி வண்டிக்காரன் தடவைக்குத் தடவை கொடுக்கறான். அதில பாதி குத்தகைக்காரன் தொந்திக்குப் போறது. மீதி இந்த ரோட்டுக்கே வர்றது, ஏன்னா கேட்டு இங்கேதானே இருக்கு? கேட்டு இல்லாத ஊருக்கு ரோடே கிடையாது. ரோட்டை உடைக்கிறது யாரு? பஸ். அவன் பாட்டுக்கு ஏதோ கொடுத்துட்டுத் தூசியைக் கிளப்பிண்டு போயிடறான். மோட்டாருக்கு வருஷ வரி போடட்டும். பெட்ரோல் வரியில ஒரு பங்கை வாங்கட்டும். எல்லாத்தையும் ஒரே நிதியில சேர்த்து, ரோடே பார்க்காத ஊருக்குப் போடட்டும். கேட்டைப் பிடுங்கி எறியட்டும்."

"ரசம் ஆறிண்டிருக்கு" என்பேன். ஆனால் அவர் சொன்னது நியாயம் என்று எனக்கும் தெரியும். கேட்டுக்கு வடக்கே ஏரிக்கரை வழியாக ஒரு மண்தடம் சுற்றிக்கொண்டு போகும். சுங்கத்துக்குப் பயந்து பல வண்டிகள் அந்தச் சேற்றில் இறங்கி அச்சு முறிந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

சென்னம்மா கேட்டில் கண்டிப்பானவள். பிணத்துக்கும் பெண்ணழைப்புக்கும் மட்டும் காசு வாங்க மாட்டாள். மாதேஸ்வரன் மலைக்குப் போய்விட்டு வருகிறவர்களையும் விட்டுவிடுவாள். குத்தகைக்காரரின் ஆள் சத்தம் போட்டால், சாமிகிட்டப் போய்க் கேட்டுக்கோ என்று சொல்லிவிடுவாள். மற்றபடி கவுடராக இருந்தாலும் கறாராக வாங்கிக்கொண்டுதான் தடியைத் தூக்குவாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு வண்டிக்குத் தடியைத் தூக்க மட்டும் நேரமாக்கினாள்.

அது அவள் ஊர்ப் பக்கத்துக் கௌதள்ளிச் சித்தையனின் வண்டி. மலைக்காட்டுப் புளி, சீயக்காய், சில சமயம் கேழ்வரகு என்று ஏற்றிக்கொண்டு மாதம் ஒரு தடவை மைசூர்ச் சந்தைக்கு வருவான். பெண்டாட்டி செத்துப் பல வருஷமாகிவிட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டான். வாயைத் திறக்காத மனுஷன். கேட்டுக்கு வந்ததும் மாட்டை அவிழ்ப்பான், சென்னம்மா தொட்டியில் தண்ணீர் நிறைத்து வைத்திருப்பாள். மாடு குடித்து முடிக்கும்வரை அவன் நுகத்தடியில் சாய்ந்து நிற்பான், இவள் தடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஊரில் மழை எப்படி என்பாள். பரவாயில்லீங்க என்பான். அதற்குமேல் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அவன் வந்து போன மறுநாள் எங்களுக்குப் பால் தாராளமாக விழும்.

"நேத்திக்குச் சித்தையன் வந்தானோ?" என்று அக்கா கேட்பாள்.

"பாலக் கேளுங்க பெரியம்மா. வண்டிய எதுக்குக் கேக்குறீங்க" என்று சென்னம்மா செம்பைக் கவிழ்த்துக்கொண்டு போய்விடுவாள். அவள் முகம் சிவந்ததை அக்கா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அக்கா சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்த நாட்களில்தான்.

ஒரு வருஷம் கௌதள்ளியில் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டது. சித்தையனுடைய ஜோடியில் ஒன்று போயிற்று. இரவல் மாடு ஒன்றைப் பூட்டிக்கொண்டு பாதிப் பாரம் ஏற்றி வந்தான். தூரத்தில் அந்த வண்டி தள்ளாடி வருவதைப் பார்த்ததும் சென்னம்மாவுக்கு மனசு தாங்கவில்லை. அவன் சுங்கத்தைத் தன் கூலியிலிருந்தே போட்டுவிட்டாள். அவன் வந்து சேருமுன் தடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நீங்க நிக்க வேண்டாமுங்க, போங்க" என்றாள். அவன் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தான். பிறகு மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். தண்ணீர்த் தொட்டி நிறைந்தபடியே இருந்தது.

அடுத்த மாதம் அவன் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. மனுஷன் உயிரோடு இருக்கிறானா என்று சென்னம்மா துடித்துக்கொண்டிருந்தபோது, அவனுக்கு ஒன்றுவிட்ட அக்கா ராமக்காள் தன் வண்டியோடு கேட்டுக்கு வந்தாள். அவளும் புருஷனை இழந்தவள், கூலி ஆளை வைத்துக்கொண்டு தானே வியாபாரம் பார்க்கிற துணிச்சல்காரி. ஏரிக்கரைத் தடத்தில் அன்றைக்கு இடுப்பளவு தண்ணீர். வேறு வழியில்லாமல் கேட்டு வழியாக வந்திருந்தாள். அவள் சொன்னதைச் சென்னம்மா மறுநாள் எங்கள் கொல்லைப் படியில் உட்கார்ந்து சொன்னாள். பாலை ஊற்றக்கூட மறந்துவிட்டாள்.

"எங்கூரு வண்டி அத்தனையும் எப்பவும் ஏரிக்கரையிலதான் போவும்ங்கறாங்க பெரியம்மா. வருசக்கணக்கா அப்படித்தானாம். சித்தையன் ஒருத்தந்தான் காசக் குடுத்துப்போட்டு ரோட்டுல போவான், பைத்தியம்னு நாங்கெல்லாம் சிரிப்போம்ங்கறாங்க. இப்ப அவனுக்கும் புத்தி வந்துபோச்சு, எங்ககூடவே ஏரிக்கரையில வாரான்ங்கறாங்க."

அவள் அழுதாள். கேட்டுக்காரி அழுது நான் பார்த்ததில்லை. "நல்லதுக்குத்தானே சொன்னே? கஷ்டத்தில இருக்கிறவனை நிக்க வேண்டாம்னா அதிலென்ன தப்பு?" என்று நான்தான் சமாதானம் சொல்லப் போனேன்.

அக்கா என்னைக் கையமர்த்தினாள்.

"தப்புதான் சென்னம்மா. வேண்டாம்னு கோபமாச் சொன்னா தாங்கிக்கலாம். நல்லதுக்குன்னு சொல்றா பாரு, அதைத் தாங்க முடியாது. 'நீங்க எதுக்கு சிரமப்படணும், உள்ளேயே இருங்கோ'ன்னு ஒவ்வொரு கல்யாணத்திலயும் எனக்குச் சொல்லுவா. அந்த மனுஷனுக்கு நிக்கறதுதானே வேண்டியிருந்தது? அதைப் போய் வேண்டாம்னுட்டியே."

எங்கள் வீட்டு விசேஷங்களில் அந்த வார்த்தையை அக்காவிடம் சொல்கிறவர்களில் நானும் ஒருத்தி. எல்லாரும் சொல்வதுதான், அவளும் தலையாட்டிவிட்டு உள்ளே போவதுதான். அது இப்படி உள்ளே போய் உட்கார்ந்திருக்கும் என்று யார் கண்டது?

அந்தக் கோடையில்தான் இவர் ஒரு நாள் ஆபீஸிலிருந்து பறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு முழம் மல்லிகை வேறு. எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"போயாச்சு கனகா. ஜூலை ஒண்ணாம் தேதியிலேர்ந்து நரசீபுரத்து ரோட்டில கேட்டு கிடையாது. ஆர்டர் ஆயிடுத்து. மோட்டார் வரியெல்லாம் ஒரே நிதியாகப் போறது. இனிமே ரோடு எல்லாருக்கும் திறந்து கிடக்கும். எவனும் எவனுக்காகவும் நிக்க வேண்டாம்."

கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், வாழ்க்கையில் ஒரு தடவை நினைத்தது நடந்து சந்தோஷமாக வந்த மனுஷன். நானும் அக்காவும் மாறி மாறிச் சொன்னோம். கேட்டு போனால் சென்னம்மாவுக்கு வேலை போகும், வீடு போகும். அதுகூடப் பரவாயில்லை. ஏரிக்கரைச் சேற்றை விட்டுவிட்டு எல்லா வண்டியும் ரோட்டுக்குத் திரும்பும், சித்தையனும் வருவான். ஆனால் அவனை நிறுத்த ரோட்டில் எதுவும் இருக்காது. நிற்க வேண்டாம் என்று ஒரு தடவை அவள் சொல்லியாயிற்று, இப்போது சர்க்காரும் சொல்லப்போகிறது.

மல்லிகை அவர் மடியிலேயே கிடந்தது. "கேட்டை எடுக்கறது சரிதான்" என்றார் கடைசியில். "அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வீட்டை இடிச்சு ஓட்டையும் கல்லையும் ஏலம் போடணும்னு தனியா ஒரு காகிதம் வரும். அது என் மேஜைக்குத்தான் வரும்."

எந்தக் காகிதத்தையும் ஒரு ராத்திரி தங்கவிடாத மனுஷர். அந்தக் காகிதத்தை மட்டும் மேஜையில் எல்லாவற்றுக்கும் அடியில் தூங்கவிட்டார். இதற்காகவே அவருடைய ரோட்டுப் பேச்சு முழுவதையும் மன்னித்துவிடலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் மறுபடி ஆரம்பித்துவிடுவார்.

ஜூலை பிறந்தது. தடியை வெட்டி எடுத்துப் போனார்கள். முதல் நாலைந்து நாள் பழக்க தோஷத்தில் எல்லா மாடும் அந்த இடத்துக்கு வந்ததும் தானாக நின்றதாம். வண்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டே மாட்டை முடுக்கிவிட்டுப் போவார்களாம். பிறகு மாடுகளும் கற்றுக்கொண்டுவிட்டன. சென்னம்மா மட்டும் வாசலில் நின்றாள். பால் கொண்டுவரும்போதுகூட ஓட்டமும் நடையுமாக வந்து, ஊற்றிவிட்டு அப்படியே திரும்பி ஓடினாள். அந்தச் சமயத்தில் அவன் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு. அக்கா அவளைப் பேசப் பிடித்து வைக்கவில்லை.

பிறகு ஒரு காலை அவள் ஓடாமல் நடந்து வந்தாள். படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"நேத்துப் பொழுது சாயறப்ப வந்தாங்க" என்றாள். "மாடு ரெண்டும் புதுசு. நிக்கறதுக்கு அதுங்களுக்கு எப்படித் தெரியும்? அவிய எம்பக்கம் திரும்பலீங்க. நேரா ரோட்டப் பார்த்துக்கிட்டே போறாங்க. வண்டி என்னயத் தாண்டிப் போச்சு பெரியம்மா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தடியத் தேடுது கை. தடி எங்க இருக்குது?"

"என்ன பண்ணினே?" என்றேன். எனக்குப் பொறுமை போதாது.

"ஓடினேனுங்க. நடுரோட்டுல ஓடி மூக்கணாங்கயிறப் புடிச்சு நிறுத்திட்டேன். பின்னால பஸ்ஸு வந்து ஹாரன் அடிக்குது, உள்ளே இருக்கறவங்கெல்லாம் எட்டிப் பார்க்குறாங்க. அவிய சொல்றாங்க, சுங்கத்த எடுத்துப்போட்டாங்களாமே, எதுக்குங்க நிறுத்தறீங்கன்னு. ஆமாங்க, எடுத்துப்போட்டாங்க, இனி நீங்க நிக்கணும்னு சட்டமில்லீங்க, நானாத்தான் கேக்குறேன், நில்லுங்கன்னேன்."

"அப்புறம்?"

"நின்னாங்க."

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சென்னம்மா மட்டும் வெகு சாதாரணமாகப் பாலை அளந்து ஊற்றினாள்.

அவர்கள் ஜனங்களில் அறுத்தவளுக்கு மறுபடி புடவை கொடுத்துக் கூட்டிக்கொள்கிற வழக்கம் உண்டு. கன்னடத்தில் சீருடிகே என்பார்கள். மேளமில்லை, பந்தலில்லை. ஆண்பிள்ளை சேலை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வருவான். பொழுது சாய்ந்தபின் அவள் அதைக் கட்டிக்கொண்டால் ஆயிற்று. சித்தையன் ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டு, ஆடி கழிந்து ஆவணியில் சேலையோடு வருவதாகச் சொல்லிப் போயிருந்தான். ஆடியில் காவேரியில் வெள்ளம் வந்து நரசீபுரத்துக்கு அப்பால் வண்டிகள் நின்றுவிட்டன. இவருடைய மேஜையில் அடியில் கிடந்த காகிதத்தைப் பற்றி மேலேயிருந்து இரண்டு தடவை கேட்டாயிற்று. மூன்றாம் தடவை கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று இவர் கையைப் பிசைந்தார். அவர்கள் கேட்குமுன் ஆவணி பிறந்தது, வெள்ளமும் வடிந்தது. சித்தையன் ராமக்காளோடு வந்து சேர்ந்தான்.

அன்று சாயங்காலம் நாங்கள் ஜட்காவில் கிளம்பினோம். நான் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, தேங்காய் எல்லாம் எடுத்துக்கொண்டேன். பெற்றவள் இல்லாத பெண்ணுக்கு ஒரு சுமங்கலி நின்றால் நன்றாக இருக்குமே என்றுதான். அக்கா சமையலறையில் இருந்தாள். "நான் வந்தா நன்னாவா இருக்கும்? நீ போயிட்டு வா" என்றாள். நானும் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். விசேஷத்துக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டில் எப்போதும் நடக்கிற பேச்சு அது.

சென்னம்மாவின் வீட்டு வாசலில் ராமக்காள் நின்றாள். என்னையும் தாம்பாளத்தையும் பார்த்துவிட்டுக் கும்பிட்டாள். ஆனால் வழியை விட்டு நகரவில்லை.

"கோவிச்சுக்காதீங்கம்மா. தாலி கட்டின மகராசி நீங்க. இதுக்கு நீங்க உள்ளாற வரப்படாதுங்க. சேலை குடுக்கற எடத்துல அறுத்தவங்கதான் இருக்கோணும். மாப்பிள பக்கம் நான் இருக்கேன். பொண்ணுப் பக்கம் சேலைய வாங்கி உடுத்தி விடறதுக்கு ஒருத்தர் வேணும்."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. பட்டுப்புடவையும் பூவுமாக ரோட்டோரத்தில் நின்றேன். என் ஆயுசில் முதல் தடவையாக ஒரு விசேஷ வீட்டு வாசலில் என்னை வேண்டாம் என்றார்கள். உள்ளேயிருந்து சென்னம்மா எட்டிப் பார்த்தாள். என் பின்னால், ஜட்காவுக்குள் தேடினாள்.

"பெரியம்மா வரலீங்களா?"

"வரலைன்னுட்டா."

"அவிய வந்தாத்தான் நான் சேலைய வாங்குவேன்" என்றாள் சென்னம்மா. "மைசூருல எம்பக்கத்துச் சனம்னா அவிய ஒருத்தர்தான். நான் வரச் சொன்னேன்னு சொல்லுங்க."

இவர் உடனே ஜட்காவில் ஏறிக்கொண்டார். குதிரையை விரட்டச் சொல்லி இவர் போட்ட சத்தம் தூரத்தில் கேட்டது. சித்தையன் வண்டியண்டை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நான் தாம்பாளத்தை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு நின்றேன். தடி இருந்த குழியை மண்போட்டு மூடியிருந்தார்கள். அதன் மேல் வண்டிகள் போய்க்கொண்டேயிருந்தன.

ஜட்கா திரும்பி வந்தது. அக்கா இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். "கனகா, இவா விளையாடலையே?" என்றாள் மெல்ல. முப்பது வருஷத்துக்கு மேலாக எந்த மங்கல காரியத்துக்கும் முகம் காட்டாதவள். சென்னம்மா வாசலுக்கு வந்து, இறங்குவதற்குக் கையை நீட்டினாள். தொடுவதா கூடாதா என்று அக்கா ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ராமக்காள் அவளுக்கு வழி விட்டாள். மூன்று பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானும் இவரும் வெளியில் நின்றோம். கடைசி பஸ் எங்கள் மேல் தூசியை வாரிவிட்டுப் போயிற்று. இவர் அதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

கதவு திறந்தபோது சென்னம்மா கொள்ளேகாலத்து நூல்சேலையில் வந்தாள். நல்ல அரக்கு நிறம். கொசுவம் விசிறி மாதிரி ஒழுங்காக விழுந்திருந்தது. சித்தையன் எழுந்து நின்றான். மழை எப்படி என்று அவள் கேட்பாளோ என்று எனக்குத் தோன்றியது. அக்கா அவள் பின்னால் நிலைப்படியில் நின்றாள். எல்லாரும் பார்க்கிறார்களே என்று பின்வாங்கவில்லை.

விடிந்தால் அவர்கள் கௌதள்ளிக்குப் புறப்பாடு. எருமையையும் வண்டியில் கட்டிக்கொண்டு போகப்போகிறார்கள். நாங்கள் விடைபெற்றுக்கொண்டு ஜட்காவில் ஏறினோம். பாதி வழி வரைக்கும் அக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கலர்ப் புடவைக்குக் கொசுவம் வைக்க மறந்து போயிருக்கும்னு பயந்தேன், கனகா" என்றாள். "மறக்கலை."